இமயமலையில் எரிமலை ஏன் இல்லை?

இந்தியப் புவித்தட்டின் வடக்கு விளிம்பில் சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு இமயமலை எழுந்து நிற்கிறது. அதில் ஓர் எரிமலைகூடக் கிடையாது. அதே தட்டு கிழக்கே அந்தமான் கடலுக்கு அடியில் இறங்கும் பகுதியிலோ, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு, 1832க்குப் பின் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் வெடித்தது. தட்டுகள் மோதும் வலிமையை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. தட்டின் விளிம்பில் இருப்பது கடலடிப் பாறையா, கண்டப் பாறையா என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

கடலடி மேலோடு அடர்த்தி மிகுந்த பசால்ட் பாறையால் ஆனது. காலப்போக்கில் குளிர்ந்து கனத்துவிடும் கடலடித் தட்டு, அண்டைத் தட்டுக்குக் கீழே சரிந்து, மேலோட்டுக்கு அடியில் உள்ள சூடான பாறை அடுக்கான மூடகத்துக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கும் தட்டே சூட்டில் உருகி எரிமலையாக வெளிவருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. அத்தட்டின் கனிமங்களுக்குள் கடல்நீர் பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அந்த நீர் பிரிந்து, மேலே உள்ள மூடகப் பாறைக்குள் ஏறுகிறது. குல்பி விற்பவர் போடும் கல்லுப்பு பனிக்கட்டியின் உருகுநிலையைக் குறைப்பதைப் போல, இந்த நீர் பாறையின் உருகுநிலையைப் பல நூறு டிகிரி தாழ்த்திவிடுவதால், அதுவரை திடமாக இருந்த பாறை, சூடு கூடாமலேயே உருகத் தொடங்குகிறது. அந்தப் பாறைக்குழம்பில் கரைந்துள்ள நீராவியே வெடிப்பின் சீற்றத்துக்கும் காரணம். பாரன் தீவிலிருந்து சுமத்ரா வழியாகத் தெற்கே நீளும் இதே எரிமலை வரிசையில்தான், 1883இல் வெடித்த கிரகட்டோவாவும், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தன் சாம்பலை ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை தூவிய டோபாவும் இருக்கின்றன.

இமயத்தின் வடபுறத்திலும் ஒரு காலத்தில் எரிமலைகள் இருந்தன. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே அன்று இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தபோது தென் திபெத்தில் அவை பொங்கின. மேலே வராமல் ஆழத்திலேயே உறைந்த குழம்பை, லடாக்கிலும் லாசாவை ஒட்டியும் இன்று கிரானைட் மலைகளாகக் காணலாம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடிக்கொண்டு, இந்தியக் கண்டமே வந்து மோதியது. எடை குறைந்த கண்டப் பாறையால் மூடகத்தின் ஆழத்துக்கு அமிழ முடியாது. ஆகவே ஆழத்துக்கு நீரைக் கொண்டு சென்ற வழி அடைபட்டது. பாறை அடுக்குகள் மடிந்தும் உடைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. திபெத்துக்கு அடியில் மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 70 கி.மீ.; கண்டங்களின் வழக்கமான தடிமனைப் போல இது இரு மடங்கு. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிரிகளின் எச்சங்கள் உள்ளன. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் டெதிஸ் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற உயிரியின் புதைபடிவமே. இமாசலப் பிரதேசத்து மணிகரணின் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்து எரிமலை என்று ஐயுற வேண்டியதில்லை. விரிசல்கள் வழியே ஆழத்துக்குச் சென்ற நீர்தான் அங்கே சூடேறித் திரும்புகிறது.

மலை ஆண்டுதோறும் ஒரே சீராக உயர்வதில்லை. இந்தியத் தட்டின் நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயத்தின் அடியில் உள்ள பிளவில் சிக்கி, பாறையில் இறுக்கவிசையாகத் திரள்கிறது; நிலநடுக்கத்தின்போது அது திடீரென விடுபடுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேபாளம் அதிர்ந்தபோது காத்மாண்டுப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலெழுந்தது. வடக்கே உள்ள உயர்ந்த சிகரங்கள் சற்றே தாழ்ந்தன. அன்று பிளவில் ஏற்பட்ட நழுவல் தெற்கே மலையடிவாரத்தில் தரைமட்டம் வரை வந்து சேரவில்லை. அந்தப் பகுதியில் பிளவு இன்னும் பூட்டியே கிடக்கிறது.