டேங்க் கேட்ட ஊரும் ஒரு கேட் வால்வும்

பல்லடத்துக்கு மேற்கே ஓர் ஊராட்சி. முப்பதாயிரம் லிட்டரில் புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடைசி வீதிக்குத் தண்ணீர் போவதே இல்லையாம். நான் அப்போது யூனியன் ஆபீஸில் ஓவர்சியர். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் ஒருநாள் வெடியால அஞ்சரை மணிக்கு டேங்க் ஆபரேட்டரோடு போய் நின்றேன்.

தண்ணீர் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் முதல் வீதியில் நாலைந்து வீட்டுக்குள்ளிருந்து மோட்டார் சத்தம். எல்லாம் குழாயிலேயே நேராக மாட்டின அரை எச்பி மோட்டார்கள். இரண்டாவது வீதியில் குடம் நிறைந்தது, மெதுவாக. கடைசி வீதிக் குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. லைனைப் பிடித்துக்கொண்டே திரும்பி நடந்தோம். வீதி பிரிகிற முக்கில் உடைந்த சிலாப் ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. கடப்பாரை வாங்கி நெம்பினால், அடியில் ஒரு கேட் வால்வு. பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

“இது எப்ப இருந்து இப்பிடி இருக்குது?” என்றேன்.

“நான் வேலைக்கு வந்து ஆறு வருசமாச்சுங்க சார். இங்கொரு வால்வு இருக்கறதே இப்பத்தானுங்க தெரியுது.”

வால்வை மாற்றி, மோட்டார்களைக் கழற்ற வைத்து, மேல் வீதிக்கு ஒருநாள், கீழ் வீதிக்கு ஒருநாள் என்று முறை பிரித்துவிட்டோம். தொட்டிக்கு லட்சக்கணக்கில் ஆகியிருக்கும். இந்த வேலை சில ஆயிரத்தோடு முடிந்தது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்னால், வேறொரு ஊராட்சியில், இதே மாதிரித் தீர்மானத்துக்கு நானே எஸ்டிமேட் போட்டு, நானே அளவெடுத்து, தொட்டியும் கட்டியாகிவிட்டது. பழைய தொட்டிக்குத் தண்ணீர் கொடுத்த அதே போர்தான் புதுத் தொட்டிக்கும். இருந்த தண்ணீரை இரண்டாகப் பங்கு போட்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. மேலே புறா குடியிருந்தது.

ஊரில் தேவை எதுவாக இருந்தாலும் நம்மிடம் வரும்போது ஒரு வேலையின் பெயரில்தான் வரும். டேங்க் வேணும், ரோடு வேணும், பேவர் பிளாக் வேணும், நிழற்குடை வேணும். அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று யாராவது நடந்து பார்த்தால்தான் உண்டு. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று வருடாவருடம் தயாராவது இதற்காகத்தான். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஊராட்சிகள் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று 243ஜி பிரிவில் எழுதி வைத்தார்கள். குடிநீர், சாலை, கால்நடை என்று 29 இனங்களை ஒரு பட்டியலாகவும் சேர்த்தார்கள். 2018 முதல் அக்டோபர் 2ஆம் தேதியில் தொடங்கி இதற்கென்று ஓர் இயக்கமே நடக்கிறது.

நடைமுறையில் எப்படித் தயாராகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடத்துப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து, வருடத்தை மாற்றி, ரெண்டு வேலையைக் கூட்டி, ரெண்டு வேலையைக் குறைத்து ஏற்றுவார்கள். நானும் அந்த மேசைக்குப் பக்கத்தில் டீ குடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஊராட்சியின் திட்டத்தை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு வருடத்துப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பணத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சி மானியத்தை 60:40 என்று பிரித்தது. அறுபதில் பாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு வகைக்கு, மீதிப் பாதி சுகாதாரத்துக்கு. அதை ரோட்டில் கொட்ட முடியாது என்பதுதான் அந்த விதி. மிச்சமுள்ள நாற்பதில்தான் ஊராட்சி தன் விருப்பப்படி வேலை எடுக்க முடிந்தது, அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் சபையில் பத்துத் தீர்மானமும் ரோட்டுக்கே போட்டால், அத்தனை பேரும் அந்த நாற்பதுக்குள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சுகாதாரப் பணம் மார்ச் வரைக்கும் கிடந்து, கடைசி வாரத்தில் குப்பைத் தொட்டியாக மாறும். அந்தப் பக்கத்திலேயே கறிக்கடைக் கழிவைக் குட்டையில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட ஏற்பாடாகி, 2024 ஆகஸ்டில் திறந்தும் ஆயிற்று. எத்தனையோ வருடம் கேட்டு வாங்கின தண்ணீர். அது வந்து நிற்கிற குட்டையில் வேலிமுள்ளும் கோழி இறகும் கிடக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய ஊராட்சிக்கு அந்த அறுபதுக்குள்ளேயே இடம் இருந்தது.

சரி, சபைக்கு வருகிறவர்கள் யார்? இப்போது வருடத்துக்கு ஆறு சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கம்பெனிக்கும் லீவு. மார்ச் 22, நவம்பர் 1 அப்படி இல்லை. அன்றைக்கு ஏழு மணிக்கே கம்பெனி வேனும் மில் வண்டியும் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மூவாயிரம் பேருக்கு மேல், பத்தாயிரம் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. அதை எப்படி நிறைத்தார்கள் என்று கேட்டால், நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டி வந்து கையெழுத்து வாங்கினதாகத்தான் பல இடத்தில் பதில் வரும். சபை எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். ஓர் ஊரில் எப்போதும் கோயில் முன்னால்தான் நடக்கும். காலனிப் பெண்கள் ஓரமாக நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வருடம் பிடிவாதம் பிடித்துக் காலனி சமுதாயக் கூடத்தில் நடத்தினோம். மழைக்காலத்தில் சுடுகாட்டுக்குப் போகும் பள்ளத்தில் பிணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்று அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னார்கள். அதற்கு முந்தைய எந்த வருடத்துத் தீர்மான நோட்டிலும் அந்தப் பள்ளம் இல்லை.

தறிக்குடோன் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிற பீகார், ஒடிசாக் குடும்பங்களை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. திட்டத்தில் எழுதுகிற மக்கள்தொகை 2011 கணக்கு. 2021இல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கணக்குப் போடும்போது, எத்தனை ஆளுக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. லைன் வீட்டு எண்ணிக்கை வீட்டு வரி ரசீதிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும். ரசீது புத்தகம் ஊராட்சி அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.

தன் கணக்கைத் தானே பார்த்த ஊராட்சியும் நம் பக்கம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை, ஏறிக்கொண்டே போன மின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது. ஆனால் கரண்ட் பில்லை எடுத்துப் பார்க்க எந்த ஊருக்கும் முடியும்.

கொங்கு நாட்டுக்கென்றே இருக்கிற சிக்கல் தோட்டத்துச் சாளை, அதாவது ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீடு. ஊருக்குள் நூறு வீடு இருந்தால் காட்டுக்குள் ஐம்பது சாளை சிதறிக் கிடக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அரை மைல். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ. இருப்பது வயதானவர்களும் ஆடு மாடு என்று பண்டம்பாடியும். தெருவிளக்கு, குழாய், ரோடு எல்லாம் ஊரோடு நின்றுவிடும். காங்கேயம் பக்கம் ஒரு சாளையில் எழுபது தாண்டின ஆத்தா ஒருத்தர் இருந்தார். மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங் தம்பி, அவிகளுக்கு நெஞ்சு வலி வந்தன்னைக்கு 108 வண்டி இட்டேரி முக்குலயே நின்னு போச்சுங்க. கட்டில்ல வெச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க.”

“ஊராட்சியில சொன்னீங்களா ஆத்தா?”

“நானெங்கீங் தம்பி சபைக்கு வர்றது? மாட்டை ஆரு பாத்துக்கறது?”

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம், புறம்போக்கு இல்லை, மூன்று அண்ணன் தம்பிகளின் பட்டாவுக்குள் போகிறது. பட்டா நிலத்தில் ஊராட்சிப் பணத்தில் ரோடு போட முடியாது. ரோட்டுக்கு வேண்டிய அகலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் எஸ்டிமேட்டே போடலாம். இதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொன்னதில்லை. ‘ரோடு வேண்டும்’ என்ற மனுவை மட்டும் மூன்று முறை வாங்கி வைத்திருந்தார்கள்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலரான ஒரு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) கையில் எத்தனை ஊராட்சி என்று எண்ணினால், இட்டேரி இட்டேரியாக அவர் நடந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஓய்வு பெற்ற பிறகும் செப்டம்பர் மாதம் வந்தால் நான் ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். மகளிர் குழுவிலிருந்து ரெண்டு பேர், ஆபரேட்டர், படித்த பையன் ஒருவன், இவ்வளவு பேர் போதும். தண்ணீர் விடும் நேரத்தில் ஒரு நடை, கம்பெனி வேன் திரும்புகிற நேரத்தில் ஒரு நடை. பார்த்ததை எழுதி, அக்டோபர் 2 சபையில் படித்து, தீர்மான நோட்டில் ஏறும் வரை பக்கத்திலேயே நிற்பது.

அந்த இட்டேரிக்கு மூத்தவரும் கடைசித் தம்பியும் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். நடுவில் உள்ளவர் பெங்களூரில் இருக்கிறார். மாரியாத்தா நோம்பிக்கு வருவாராம், அன்றைக்கு நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஆத்தா போன் செய்திருந்தார்.