கார்ட்ரிட்ஜ்: மைக்கூடு என்றால் என்ன குறை?

வீட்டு பிரிண்டரில் எழுத்து மங்கினால் "கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோச்சு" என்கிறோம். தீர்ந்தது மைதான். கூடு அப்படியே இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

இலத்தீனில் 'கார்ட்டா' என்றால் காகிதம். அதன் வழியில் இத்தாலியில் 'கார்தோச்சோ', பிரெஞ்சில் 'கார்தூஷ்', ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ். துப்பாக்கி ஒரு முறை சுட வேண்டிய வெடிமருந்தை அளந்து காகிதத்தில் மடித்த பொட்டலத்துக்கே இந்தப் பெயர். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். அப்புறம் உலோக உறை வந்தது. காகிதம் போனது, பெயர் போகவில்லை. அளந்து அடைத்து, அப்படியே செருகிக்கொள்வது எதுவானாலும் கார்ட்ரிட்ஜ் என்றாகி, பேனா, வீடியோ கேம் எல்லாம் கடந்து பிரிண்டருக்கு வந்து சேர்ந்தது.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? துப்பாக்கியில் போடுவதற்கு நம்மிடம் தோட்டா என்ற சொல் இருக்கிறது. அது உருது தந்தது. ஆனால் தோட்டா ஒரே முறைதான் வெடிக்கும். மை அடைப்பதற்கு அது சரிவராது. மைக்குப்பி என்றால், ஊற்றுவதற்காக வாங்கி வைத்திருக்கும் குப்பியோடு குழம்பும். என் ஓட்டு மைக்கூட்டுக்கு. பேனாவைத் தொட்டு எழுதிய காலத்துச் சொல் அது. காலியானால் ஊற்றிக்கொள்வார்கள், தூக்கிப்போட யாருக்கும் தோன்றாது.

ஊற்றுவதும் பெரிய வித்தையல்ல. பல மைக்கூடுகளில் மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் சிறு துளைகள் தெரியும்: கறுப்புக்கு ஒன்று, வண்ணத்துக்கு மூன்று. உள்ளே பஞ்சு இருக்கும். சிரிஞ்சின் ஊசியை அதில் இறக்கி மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சிக்கி, அச்சில் வெள்ளைக் கோடு விழும். துளை வாயில் மை துளிர்த்தால் போதும், நிறுத்திவிடலாம். எந்தத் துளை எந்த நிறம் என்று முதலில் பல்குச்சி விட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் மஞ்சள் அறையில் நீலத்தை இறக்கி, பச்சைச் சூரியனை அச்சடித்திருக்கிறேன். நிரப்பிய பிறகும் சில பிரிண்டர்கள் 'காலி' என்றே சாதிக்கும். அவை மையை அளப்பதில்லை, செலவைக் கணக்கு வைக்கின்றன.

சரி, ரீஃபில்? 'மறுநிரப்பல்' என்று நீட்டத் தேவையில்லை. மை நிரப்புதல் போதும். தவிர, ரீஃபில் என்றாலே நமக்குப் பால்பாயிண்ட் பேனாவின் உள்குழாய்தான் நினைவுக்கு வரும். திரும்ப நிரப்புவதைக் குறிக்கும் சொல், யாருமே திரும்ப நிரப்பாத பொருளுக்குப் பெயராகிவிட்டது!

லேசர் பிரிண்டருக்கு மட்டும் மைக்கூடு பொருந்தாது. அதில் இருப்பது டோனர் என்கிற நுண்தூள். தூள்கூடு எனலாம். மருந்துத்தூள் அடைத்த அந்தப் பழைய பொட்டலத்துக்கு இதுதான் நெருங்கிய உறவு. ஆனால் இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறக்காதீர்கள், பறக்கும்.