கார் இல்லாத வீட்டுக்கும் காருக்கு இரண்டு குழி

எங்கள் பக்கம் நிலத்தைக் குழிக் கணக்கில் பேசுவோம். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு குழி. வண்டி உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் இரண்டு குழி. கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பிளான் போட்டுக் கொடுக்கிறேன். வீடுகள் கட்டினால் அவற்றுக்கேற்ப காருக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்கிறது கட்டட விதி. அதனால் யாரும் கேட்காத அந்த இரண்டு குழியைத்தான் அடிக்கடி வரைய வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். டெல்டாவின் ஒரு சிறு நகரத்தில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் அவருக்கு 40-க்கு 60 மனை. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, தளத்துக்கு இரண்டு என்று ஆறு சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட நினைத்தார். விதிப்படி வந்த கார் இடங்களை வரைந்து காட்டினேன். தரைத்தளம் முழுக்க வெறும் தூண்களாகிவிட்டது.

“தம்பி, குடிவரப் போறவங்க ஆஸ்பத்திரியிலயும் ஜவுளிக்கடையிலயும் வேலை பாக்குற பிள்ளைங்க. பஸ்ஸுல போறவங்க. காருக்கு அவங்க எங்க போவாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மேலே இன்னொரு மாடி எழுப்பினால் ஆறு வீடும் கிடைத்திருக்கும். ஆனால் கூடுதல் தளம், அதற்கேற்ற அஸ்திவாரம், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து அவர் சேமிப்புக்குள் அடங்கவில்லை. நான்கு வீடுதான் கட்டினோம். ஆறு வீடு சுமக்க வேண்டிய மனை விலையை நான்கு வீடு சுமந்தது. வாடகை அவர் முதலில் மனதில் வைத்திருந்ததைவிட அதிகமாகத்தான் வைக்க முடிந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் சம்பா நெல் மூட்டைகள், ஆறு மோட்டார் சைக்கிள், கொடியில் துணி. கார் ஒன்றுகூட இல்லை.

அடித்தளம் தோண்டி அதில் காரை விடலாமே என்று சிலர் கேட்பார்கள். நம் மண் களிமண். மழைக்காலத்தில் நாலடி தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும் இடங்கள் இங்கே நிறைய. தடுப்புச் சுவர், நீர்க்காப்பு, நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்று செலவு எங்கேயோ போய்விடும். பழைய தெருக்களில் சிக்கல் வேறு மாதிரி. அக்ரகாரத்து மனைகள் 20 அடி அகலத்தில் கொல்லைவரை நீளமாகப் போகும். அங்கே கார் நுழைய வழிவிட்டால் முன்கூடத்தையே விட்டுக்கொடுக்க வேண்டும்.

அப்புறம் என்ன ஆகிறது? ஸ்டேஷன் பக்கம் வாடகை கட்டுப்படாதவர்கள் ஊருக்கு வெளியே போகிறார்கள். வெளியே என்றால் நம் ஊரில் வயல். டெல்டாவைப் பாதுகாக்க 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களுக்கான தடை. வீட்டுமனைகள் அந்தப் பட்டியலில் இல்லை. பஸ் போகாத அந்த மனையில் குடியேறியவர் கடன் வாங்கி வண்டி வாங்குகிறார். 2021 முதல் நம் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறார்கள். வீட்டுப் பக்கம் பஸ்ஸே வராத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் 100 குடும்பங்களில் ஐந்துக்கும் குறைவானவற்றிடமே கார் இருந்தது. இப்போது கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கார் இருக்கிறதா என்று கேட்காமலே எல்லாரிடமும் அதற்கான இடத்தின் விலையை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கார்கள் குவிந்த அமெரிக்காவிலேயே இந்த விதியைத் தளர்த்துகிறார்கள். பஃபலோ நகரம் 2017-ல் எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் கட்டும் பெரும்பாலான கட்டடங்களுக்குக் கார் இடம் கட்டாயம் என்று உள்ளூர் நிர்வாகம் சொல்ல முடியாது. இலவச பார்க்கிங்கின் செலவைக் கார் இல்லாதவரும் சுமக்கிறார் என்று பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னதன் விளைவு இதில் உண்டு. நம் நாட்டிலும் 2017-ன் தேசியக் கொள்கை ஒன்று, போக்குவரத்து நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை நெருக்கமாகக் குடியிருப்பு அமைய வேண்டும் என்கிறது.

கட்டாயத்தை எடுப்பது வேறு, தடை செய்வது வேறு. கார் வைத்திருப்பவர் தாராளமாக இடம் விட்டுக் கட்டட்டும். தெருவில் கார்கள் வந்து நிற்கும் என்ற பயம் நியாயமானதுதான். தேரோடும் வீதியில் கார் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே ஸ்டேஷன் பக்கத்தில் மாநகராட்சியே பொது நிறுத்துமிடம் அமைக்கட்டும், தெருவில் நிறுத்துவதற்குக் கட்டணம் வாங்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடம் கட்டாயமாகவே இருக்கட்டும், நம் ஆட்களின் வண்டி அதுதான். தீயணைப்பு வண்டி நுழையும் வழியில் மட்டும் ஓர் அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது.

ரயில் இங்கே அடிக்கடி ஓடுவதில்லை, உண்மை. ஆனால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் நாள் முழுக்க ஓடுகிறது. அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கலாம். திருச்சி பஞ்சப்பூரில் 2025-ல் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். அதைச் சுற்றிய நிலம் முழுக்கக் கட்டடமாகிவிடும் முன்பே அங்கே 800 மீட்டருக்குள் சிறு வீடுகளுக்கு இந்தக் கட்டாயத்தை நீக்கி அரசு உத்தரவு போட வேண்டும். கட்டி முடித்த தூண்களுக்கு நடுவே பிறகு வீடு நுழைக்க முடியாது.

அதுவரை, வாடகைக்கு வீடு கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை வீடு என்று முடிவு செய்து கடனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பு, உங்கள் பொறியாளரிடம் கார் இடத்தை முதலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். டீச்சருக்கு நான் அதைக் கடைசியில்தான் காட்டினேன்.