உலர் ஒயின் இல்லை, இனிக்காத ஒயின்

தென் பிரான்சில், ரூசியோன் பகுதியின் பெர்பிஞானில் இருக்கும் நண்பர் வீட்டில் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. அதற்குத் தோதாக ஒரு சிவப்பு ஒயின் வாங்கி வரச் சொல்லி அவருடைய மைத்துனரைக் கடைக்கு அனுப்பினோம். தம்பி ஊருக்குப் புதிது, பிரெஞ்சு தெரியாது, கையில் மொழிபெயர்ப்புச் செயலி. அலமாரியில் மோரி என்று பக்கத்து ஊர்ப் பெயர் போட்ட புட்டிகள் இரண்டு வகை, ஒன்றில் மட்டும் கூடவே 'செக்' என்றிருக்கிறது. செயலி அதற்கு 'உலர்' என்று காட்டியதும் தம்பி போன் செய்தார். "அண்ணே, உலர்னு போட்டிருக்கு, காஞ்ச திராட்சையில செஞ்சதா இருக்கும், தித்திக்கும்ல? அதான் மத்தத எடுத்துட்டேன்." அவர் எடுத்ததுதான் தித்திக்கிற ஒயின்.

தம்பி மேல் தப்பே இல்லை. உலர் திராட்சை என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு 'உலர் ஒயின்' வேறு எதைச் சொல்லும்? கட்டுரைகளிலும் உணவுக் குறிப்புகளிலும் இந்த 'உலர் சிவப்பு ஒயினை' பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன்.

செக் என்பது லத்தீன் சிக்குஸ் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. ஈரம் இல்லாதது என்பதுதான் அடிப்படைப் பொருள். ஒயினைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது 'து', அதாவது இனிப்பு, என்பதற்கு எதிர்ச்சொல். ஆங்கிலத்தின் 'டிரை'யும் அப்படியே. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்து ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் அது செக். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சக் கூடாது, புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

தமிழிலோ ஈரம் போனதைச் சொல்லவே எத்தனை சொல்! துணி உலரும், குளம் வறளும், கிணறு வற்றும், சருகு காயும். இருமலை யாரும் 'உலர் இருமல்' என்பதில்லை, வறட்டு இருமல் என்றுதான் சொல்கிறோம். இடம் பார்த்துச் சொல்லை எடுக்கிற இந்தப் பழக்கம் ஒயின் புட்டியைக் கண்டதும் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

இதைவிட ஆபத்தானது 'துவர் ஒயின்'. நல்ல தமிழாகத் தெரிகிறது, அதனாலேயே பலர் விழுந்துவிடுகிறார்கள். செக் ஒயின் குடித்தால் வாய் வறண்டு பிடிக்கிறதே, அது துவர்ப்புதானே என்பது அவர்கள் வாதம். வாய் பிடிப்பது டானின் என்ற பொருளால். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, பிஞ்சு வாழைப்பூவைக் கடித்தால் வருமே அதே பிடிப்பு. டானின் தரும் சுவைக்குத் துவர்ப்பு என்ற சொல் அறுசுவையிலேயே தயாராக இருக்கிறது, அதை அங்கேதான் வைக்க வேண்டும். செக்காக இருக்கும் வெள்ளை ஒயினில் துவர்ப்பு அநேகமாக இருக்காது, இளசான மோரியில் இனிப்பும் துவர்ப்பும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரை ஒரு கணக்கு, டானின் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அப்புறம் ரூசியோன் ஒயினைப் பற்றித் தமிழில் பேசவே முடியாது.

ஏனென்றால் அந்த மண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விளைகிறது. பிரான்சின் தெற்கு ஓரம், ஸ்பெயின் எல்லை, நல்ல வெயில், திராமோந்தான் என்ற வடமேற்குக் காற்று. கடலைப் பார்த்த படிக்கட்டு வயல்களில் கிரனாஷ் என்ற திராட்சைக் கொடி. அந்தக் கடலோரத்தில் நான்கு ஊர்கள், அவற்றின் திராட்சையில் சர்க்கரை முழுக்கத் தீரும்வரை நொதிக்கவிட்டால் கொலியூர், பாதியில் சாராயம் ஊற்றி நிறுத்தினால் பன்யூல்ஸ். இந்த நிறுத்தும் வேலைக்கு 'முதாஜ்' என்று பேர், வாயடைப்பது என்று பொருள். ஈஸ்ட்டின் வாயை அடைக்கிறார்கள், சர்க்கரை தப்பிக்கிறது. உள்நாட்டுப் பக்கம் மோரியிலும் இதே கதை. இனிக்கும் மோரிக்கு 1936 முதலே சட்டப்படியான பெயர் உண்டு, மோரி செக்குக்கு 2011இல்தான் கிடைத்தது. ஆக அந்த ஒரு 'செக்' புட்டியையே மாற்றிவிடும். இனிக்கும் வகையின் பிரெஞ்சுப் பெயரையும் 'இயற்கை இனிப்பு ஒயின்' என்று எழுதுகிறார்கள். சாராயம் சேர்த்ததை எதுவும் சேர்க்காதது போலக் காட்டுகிறது அது. இனிப்பு வெளியிலிருந்து போட்டதில்லை, பழத்தினுடையது என்பதுதான் அந்தப் பெயரின் கருத்து.

சரி, செக்குக்கு எது சரி? 'சர்க்கரையற்ற' என்றால் நீரிழிவுக்காரர் பிஸ்கட் ஞாபகம் வரும், கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியும் இருக்கிறது. 'இன்னா' என்றால் துன்பம். சுருக்கமாக 'இனியா' என்றால் பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். இனிக்காத ஒயின் என்பதே போதும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும், இலக்கணமும் உதைக்காது. தனித்தமிழ் பேசுகிறவர்கள் இது வெறும் பேச்சு வழக்கு, கலைச்சொல் ஆகாது என்கிறார்கள். பேச்சில் வாழும் சொல்லைத் தள்ளிவிட்டு யாருக்கும் புரியாத ஒன்றைச் செய்வது தூய்மை ஆகாது. ஆங்கிலத்தின் 'ஃபுல் பாடி'யை அப்படியே 'முழு உடல் ஒயின்' என்று எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கள்ளிச்சொட்டு டிகாஷன் குடித்து வளர்ந்தவர்களுக்கு 'திடமான' என்று சொல்லத் தெரியாதா?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வெயிலில் நன்றாகப் பழுத்த கிரனாஷ், சர்க்கரை தீர்ந்த பிறகும் தித்திப்பது போல இருக்கும். 14, 15 சதவீத ஆல்கஹாலும் பழ வாசனையும் செய்கிற வேலை அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் வாசனையால் வந்த தித்திப்பு காணாமல் போகும், சர்க்கரையால் வந்தது அப்படியே நிற்கும்.

அன்றைக்குத் தம்பி வாங்கி வந்த மோரியைக் கடைசியில் சாக்லேட் கேக்கோடு குடித்தோம், அதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. மிச்சத்தை மூடிக் குளிரில் வைத்தால் சில வாரம் தாங்கும். ஆட்டுத்தொடைக்கு நண்பர் ஒரு கொலியூரைத் திறந்தார், லேசாகக் குளிரவைத்து, 16 டிகிரி இருக்கும். தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார், கையை எடுத்துவிட்டு இன்னொரு வாய்.

"இனிக்கலண்ணே" என்றார்.