செம்பில் பொன் ஊன்றும் விதம்

காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், குறிப்பாக லலித்பூரில், நேவார் மக்களுள் சாக்கியக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தாரா, அவலோகிதேசுவரர், வஜ்ரசத்துவர் முதலிய பௌத்தத் திருவுருவங்களை வார்த்து வருகின்றனர். அவற்றின் பொன்னொளியைப் புரிந்துகொள்ள, பொன்னுக்கு அடியிலுள்ள செம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

தேன்மெழுகும் மரப்பிசினும் சேர்ந்த கலவையால் உள்ளீடற்ற உருவம் செய்து, அதன்மேல் சாணமும் நெல் உமியும் கலந்த களிமண்ணைப் பூசி உலர்த்துவார்கள். அச்சைச் சூடாக்க மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் வார்க்கப்படும். வெள்ளீயம் கலந்தால் செம்பு குறைந்த வெப்பத்திலேயே உருகி, அச்சின் நுண்ணிய மூலைகளிலும் எளிதாகப் பாயும். அப்படியிருந்தும் நேவார் சிற்பிகள் பெரும்பாலும் கலப்பு மிகக் குறைந்த செம்பையே விரும்பினர். அது உருக 1085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உருகிய நிலையில் அது வாயுக்களை உறிஞ்சிக்கொண்டு, இறுகும்போது வெளிவிடுவதால் வார்ப்பில் குமிழ்களும் துளைகளும் விழும்.

இத்தனை தொல்லையையும் அவர்கள் ஏற்றது முலாமுக்காகத்தான். பொன் பாதரசத்தில் கரையக்கூடியது. பொன்துகளையும் பாதரசத்தையும் சேர்த்து அரைத்தால் வெண்ணெய் போன்ற சாம்பல்நிறக் களிம்பு கிடைக்கும். அழுக்கும் துருவும் நீக்கிய செம்பின்மேல் அதைத் தடவி நெருப்பு காட்டும்போது, 357 பாகையில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகிப் போக, பொன் தங்கிவிடுகிறது. அந்த வெப்பத்தில் பொன்னணுக்களும் செம்பணுக்களும் எல்லையில் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுவதால், முலாம் எளிதில் உரிவதில்லை. உலோகத்தில் காரீயம் கலந்திருந்தால் அது பாதரசத்தில் கரைந்து, மேற்பரப்பில் கறையாக எழும்பிவிடும். கலப்பற்ற செம்பைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுதான். நெருப்பிலிருந்து எடுத்தவுடன் முகம் மங்கிய மஞ்சளாகவே இருக்கும், ஏனெனில் பாதரசம் வெளியேறிய நுண்துளைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வழுவழுப்பான அகேட் கல்லால் கன்னம், இமை, விரல் என ஒவ்வோர் இடமாக அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, அத்துளைகள் மூடிப் பளபளப்பு பிறக்கிறது.

அந்தப் பாதரச ஆவி கொடிய நஞ்சு. அது நரம்பு மண்டலத்தைத் தாக்கிக் கைநடுக்கத்தை உண்டாக்கும். உளி பிடிக்கும் கைக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது? ஆகவே ஆவியைக் குளிர்வித்து மீட்கும் மூடிய அடுப்பு இல்லாமல் இவ்வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாள்தோறும் பூசையில் கைபட்டுக் குங்குமம் ஏற்ற பழைய உருவங்களில், மூக்கின் நுனியிலும் முழங்காலிலும் பொன் தேய்ந்து செம்பின் சிவப்பு வெளிப்பட்டிருக்கும். முதுகுப் பக்கத்தை உற்றுப் பார்த்தால், வார்ப்பில் விழுந்த துளைகளை அடைக்கச் சிற்பி பொருத்திய சிறு செப்புத் துண்டுகளின் விளிம்புகள் மெல்லிய கோடுகளாகத் தெரியும்.