ஃபோர்ட்நைட் என்றால் பதினைந்து நாள் இல்லை

2025 மே மாதக் கடைசியில் சிட்னியிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். “அண்ணா, வாடகை மாசம் ரெண்டு தடவைதானே? இந்த மாசம் மூணு தடவை எடுத்திருக்காங்களே?” கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். மே 1, 15, 29. மூன்றும் வியாழக்கிழமை. ஒவ்வொரு முறையும் 1,100 டாலர். ஒப்பந்தத்தோடு கொடுத்த தமிழ்த் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். “வாடகை மாதமிருமுறை செலுத்தப்பட வேண்டும்” என்று அழகாக அச்சடித்திருந்தது. ஆங்கிலத் தாளில் இருந்த சொல் ஃபோர்ட்நைட்லி, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

மாதமிருமுறை என்றால் ஆண்டுக்கு 24 தவணை. ஃபோர்ட்நைட்லி என்றால் 26. ஒரு வருடத்தில் 2,200 டாலர் வித்தியாசம். வீட்டுக்காரர் ஏமாற்றவில்லை. மொழிபெயர்த்தவர் ஏமாற்றியிருக்கிறார், அதுவும் தனக்கே தெரியாமல்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்று இரண்டு சொல்லாக இருந்தது, தேய்ந்து ஒட்டி ஒன்றாகிவிட்டது. இதற்கு ‘சென்னைட்’ என்று ஒரு தங்கையும் உண்டு. ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். தங்கை வழக்கொழிந்து போனாள், அக்கா பிழைத்துக்கொண்டாள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் அன்றாடச் சொல். அமெரிக்கர்களுக்கோ பாட்டி காலத்துச் சொல், அவர்கள் இரண்டு வாரம் என்றே சொல்லிவிடுவார்கள். நாளை விட்டுவிட்டு இரவை ஏன் எண்ணினார்கள் என்றால், ஜெர்மானிய இனத்தார் வழக்கமே அதுதான். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நவராத்திரி கொண்டாடுகிற நமக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை.

தமிழில் எழுதும்போது பலர் இதைப் ‘பதினைந்து நாள்’ என்று ஆக்கிவிடுகிறார்கள். சரி, பதினான்கு என்று பெயரிலேயே இருக்கும்போது அது எப்படிப் பதினைந்து ஆனது?

இதில் நம்மவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தமிழில் இன்றைக்கு எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றையும் சேர்த்து எண்ணுவது நம் பழக்கம். அப்படி எண்ணினால் இன்றைக்குப் பதினைந்தாம் நாள்தான் ஃபோர்ட்நைட் முடிந்து வரும் அதே கிழமை. பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ‘பதினைந்தாம் நாள்’ என்று எழுதினால் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் பதினைந்தாம் நாள் வேறு, பதினைந்து நாள் வேறு. முன்னது காலண்டரில் ஒரு கட்டம், பின்னது கால அளவு. ‘பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்தை மாற்றவும்’ என்று எழுதினால் முதல் முறை வியாழன், அடுத்தது வெள்ளி, அதற்கடுத்தது சனி என்று கிழமை நழுவிக்கொண்டே போகும். ஃபோர்ட்நைட்டின் உயிரே கிழமை மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. சம்பளம் வியாழன் என்றால் எப்போதும் வியாழன். விம்பிள்டன் திங்களன்று தொடங்கி இரண்டாவது ஞாயிறன்று முடியும். அதை வர்ணனையாளர்கள் ஃபோர்ட்நைட் என்றே சொல்வார்கள். நம் செய்தியில் ‘15 நாள் திருவிழா’ என்று வருகிறது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 14.

இன்னும் சந்தேகம் என்றால் கணினிக்காரர்களைக் கேட்கலாம். வி.எம்.எஸ். என்ற பழைய இயங்குதளத்தில் ஒரு காத்திருப்பு நேரத்தை ‘மைக்ரோ ஃபோர்ட்நைட்’ என்ற அலகில் வேடிக்கையாக வைத்தார்கள். ஃபோர்ட்நைட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அது 1.2096 விநாடி. பத்து லட்சத்தால் பெருக்கி, ஒரு நாளின் விநாடிகளான 86,400-ஆல் வகுத்தால் சரியாக 14 வரும். விளையாட்டுக்கு வைத்த அலகில்கூட அவர்கள் ஒரு நாளைக் கூட்டவில்லை.

அடுத்த போட்டியாளர் ‘பக்கம்’, அதாவது பட்சம். இந்தியில் பாக்ஷிக், தெலுங்கில் பட்ச பத்திரிகை என்று அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டது. நண்பர் ஒருவர் வடசொல் வேண்டாம் என்று ‘அரைத்திங்கள்’ என்று மாற்றி, போகும் இடமெல்லாம் பரப்பிக்கொண்டிருக்கிறார். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் தூய்மையாக இருந்தால் மட்டும் போதுமா, சரியாகவும் இருக்க வேண்டாமா? பட்சம் நிலாக் கணக்கு. பிரதமையிலிருந்து அமாவாசை அல்லது பௌர்ணமி வரை 15 திதி. நிலவு ஒரு சுற்று வர ஏறத்தாழ 29.5 நாள் ஆவதால் பட்சம் சராசரி 14.75 நாள்தான். சில சமயம் 14, சில சமயம் 15, அபூர்வமாக 13. பதின்மூன்று நாள் பட்சம் ஆகாது என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். ஃபோர்ட்நைட்டுக்கு நிலாவும் தெரியாது, மாதமும் தெரியாது. இரண்டு வாரத்தின் மேல் நிலவையும் மாதத்தையும் ஏற்றிவைத்துவிட்டு அதைக் கலைச்சொல் என்கிறார்கள்.

அரைமாதம் சரியாகப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்திய வங்கிகள் ரிசர்வ் வங்கிக்குக் கணக்குக் காட்டும் ஃபோர்ட்நைட், சனிக்கிழமை தொடங்கி இரண்டாவது வெள்ளியோடு முடியும் என்றுதான் சட்டத்தில் இருந்தது. சரியாக 14 நாள். 2025-ல் வங்கிச் சட்டங்களைத் திருத்தியபோது மாதத்தின் 1 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் மாதக் கடைசி வரை இன்னொன்று என்று மாற்றிவிட்டார்கள். பிப்ரவரியில் அந்தப் பின்பாதி 13 நாளாகவும் இருக்கும். சொல் ஆங்கிலேயனுடையது, பொருள் நம் நாடாளுமன்றம் கொடுத்தது. வங்கிச் செய்தியில் இதை ‘அரைமாதம்’ என்று எழுதுங்கள், நானே கைதட்டுகிறேன். அங்கே இருவாரம் என்று எழுதினால்தான் பிழை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. இந்தியில் ‘பக்வாடா’, அதாவது பட்சம், என்று ஒரு விழாவை அறிவிப்பார்கள். அது ஆங்கிலத்தில் ஃபோர்ட்நைட் ஆகும், அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் ‘இருவார விழா’ ஆகும். செப்டம்பர் 17 தொடங்கி அக்டோபர் 2 வரை நடக்கும் பக்வாடாவை எண்ணினேன், 16 நாள். மூன்று மொழி தாண்டி வந்த சொல்லில் யாரும் நாளை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணாமல் எழுதுவதுதான் இப்போதைய மொழிபெயர்ப்பின் நோய். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு தொடரின் தமிழ் வசன வரியில் ‘நாற்பது இரவுகள் கழித்துச் சந்திப்போம்’ என்று படித்தேன். ஃபோர்ட் என்பதை நாற்பது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த காட்சியிலேயே இருவரும் சந்தித்துவிட்டார்கள், அதையாவது பார்த்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் இந்தச் சொல்லைக் கேட்டேன். அவனுக்கு அது துப்பாக்கி விளையாட்டின் பெயர். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்த விளையாட்டுக்காரர்கள் கோட்டையையும் இரவையும் சேர்த்துச் சிலேடையாகத்தான் பெயர் வைத்தார்கள்.

அப்போது என்னதான் எழுதுவது? இதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை. கால அளவுக்கு ‘இரண்டு வாரம்’. யாழ்ப்பாணத்தார் வாரத்தைக் கிழமை என்பதால் ‘இரண்டு கிழமை’ என்பார்கள், அது இன்னும் பொருத்தம், கிழமை மாறாது என்பது சொல்லிலேயே தெரிகிறது. இதழுக்கு ‘இருவார இதழ்’. மலையாளத்தில் இதே கணக்கில்தான் ‘த்வைவாரிக’ என்று வைத்திருக்கிறார்கள். 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் வருகிற இதழ் மட்டும் மாதமிருமுறை. சிலர் ‘ஈரேழு நாள்’ என்பதை முன்வைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காதில் விழுந்ததும் மனம் பதினாலு லோகத்துக்குப் போய்விடுகிறது. வாடகைத் தாளுக்கு அது ஆகாது.

தங்கையிடம் அந்தத் தமிழ் வரியை அடித்துவிட்டு ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் இருவருமாக காலண்டரில் பதினான்கு பதினான்காகத் தாண்டிப் போனோம். மறுபடி மூன்று முறை விழும் மாதம் அக்டோபர், 2, 16, 30. அந்த 30-ஐச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்தாள். அக்டோபர் கடைசியில் எனக்குப் போன் வரவில்லை.