சஃபாரிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால்

ஆப்பிரிக்க சஃபாரி போகிறவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, டூர் கம்பெனிக்குப் பணம் கட்டியாயிற்று, பைனாகுலர்கூட வாங்கியாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "டாக்டர், ஏதோ ஊசி போடணுமாமே" என்று வந்து உட்காருவார்கள். பயண மருத்துவம் பார்க்கிற நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். எந்த நாடு, எந்தக் காடு, எந்த மாதம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். அட்வான்ஸ் கட்டிய பிறகு பாதையை மாற்றுவது கஷ்டம்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். மகன், மருமகள், அறுபத்தெட்டு வயது அம்மா. நைரோபியில் இறங்கி மசாய் மாரா பார்த்துவிட்டு, எல்லை தாண்டி தான்சானியாவில் செரங்கெட்டி, கோரங்கோரோ என்று திட்டம். கிளம்ப எட்டு நாள் இருந்தது. அம்மா முடக்குவாதத்துக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி, உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. அவருக்கு அதைப் போடவே கூடாது. மற்ற இருவருக்கும் அன்றைக்கே போட்டிருந்தாலும் கிளம்பும் நாளில் பயன் இல்லை, ஏனென்றால் ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். "ஏர்போர்ட்ல பாத்துக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரே" என்றார் மகன்.

ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ள முடியாது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. வைரஸ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அரசுக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். அதனால் கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊர் திரும்பும் நேரத்தில் அம்மாவைத் தனியாக ஓரிடத்தில் விட்டுவிட்டு வருவதை யோசித்துப் பாருங்கள்.

இதே குடும்பம் மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் நான் தென்னாப்பிரிக்காவைச் சொல்லியிருப்பேன். அங்கே மஞ்சள் காய்ச்சல் கிடையாது. இந்தியாவிலிருந்து நேராகப் போய் நேராகத் திரும்பினால் சான்றிதழும் தேவையில்லை. அவர்கள் பார்க்க ஆசைப்பட்ட சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கேயும் உண்டு. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கென்யாவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டுப் போனால் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும்.

சென்னையில் இந்த ஊசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அதே எண்தான் சான்றிதழில் ஏறும். 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முதல் முறையாக இந்த ஊசி போடுகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர் என்றால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போடும் நர்ஸ் கேட்கும்போது அவசரத்தில் "ஒண்ணும் இல்லை" என்று தலையாட்டாதீர்கள்.

சரி, மலேரியாவுக்கு வருவோம். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

"மலேரியா நமக்குப் புதுசா டாக்டர்? சென்னையில இல்லாததா?" என்று பலர் கேட்கிறார்கள். சென்னையில் நாம் பார்த்துப் பழகியது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளைப் படுக்க வைக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம். சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். 2023இல் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்தவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இங்கே கொசுக்கடி வாங்கியே வளர்ந்தோம் என்பது அங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

தடுப்பு மாத்திரை உண்டு. பழைய குளோரோகுயின் அங்கே எடுபடாது. டாக்ஸிசைக்ளின் தினமும் ஒன்று, கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். நாள் முழுக்கக் கூரை திறந்த வண்டியில் நிற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அட்டோவகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையை, திரும்பிய பிறகு 7 நாள் சாப்பிட்டால் போதும், ஆனால் விலை கூடுதல், எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு முறைதான். வலிப்பு, மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது ஆகாது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்தாயிற்று என்று மீதி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். உடம்பில் ஏற்கெனவே புகுந்த கிருமியை அழிப்பதே அந்த மீதி மாத்திரைகள்தான்.

மாத்திரையோடு கொசுக்கடியையும் தவிர்க்க வேண்டும். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியும்வரை கடிக்கும். சஃபாரியில் அந்த நேரத்தில்தான் எல்லோரும் முகாமில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். முழுக்கைச் சட்டை, சாக்ஸ், டீட் (DEET) என்ற மருந்து கலந்த கொசு விரட்டி இவை மூன்றும் வேண்டும்.

சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் மலேரியா உள்ள காடுகளையே பரிந்துரைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் பிலானஸ்பெர்க், மடிக்வே இரண்டும் மலேரியா இல்லாத இடங்கள். புகழ்பெற்ற க்ரூகரில் செப்டம்பரிலிருந்து மே வரை மலேரியாக் காலம்.

மாதம் என்று வரும்போது நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். விலை குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான். கரிசல் மண்ணில் வண்டி சிக்கும், கொசுவும் பெருகும். வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் மசாய் மாராவை விட்டுவிட்டு பிலானஸ்பெர்க் பக்கம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம் பயணத் திட்டத்தில் யாரும் கவனிக்காத ஒன்று, வண்டியில் உட்காரும் நேரம். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரங்கெட்டியின் நடுப்பகுதிக்குப் போக ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். பின்பாதி குலுக்கும் மண் சாலை. ஆறு நாளில் நான்கு காடு என்று போட்டிருந்தால் பாதி நாள் சாலையில்தான் போகும். முதுகுத் தண்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு நான் இரண்டு காடு போதும் என்று சொல்லிவிடுவேன். காட்டுக்குள் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது, கழிப்பறை குறிப்பிட்ட இடங்களில்தான். இதற்குப் பயந்து நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு திரும்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டிரைவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவருக்கு இது அன்றாட விஷயம். பிரஷருக்கு, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழை இல்லாத மாதங்களில் கென்யாவின் அம்போசெலியில் வறண்ட ஏரிப்படுகைத் தூசி எழும், ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். கோரங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலைக் குளிர் சென்னைக்காரர்களை நடுக்கிவிடும்.

உடுப்பு எடுக்கும்போது அடர் நீலத்தையும் கறுப்பையும் தவிர்த்துவிடுங்கள். செரங்கெட்டியிலும் தாரங்கிரேயிலும் செட்சீ ஈ உண்டு. பகலில் கடிக்கும், மெல்லிய துணியைத் துளைத்தும் கடிக்கும், ஓடும் வண்டியைத் துரத்தி வரும். அதைப் பிடிக்க மரங்களில் நீலமும் கறுப்புமாகத் துணிப்பொறி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த நிறங்கள்தான் அதை ஈர்க்கும். இந்த ஈ பரப்பும் தூக்க நோய் பயணிகளுக்கு வருவது மிக அரிது. ஆனாலும் கடித்த இடம் சில நாளில் கொப்புளமாகித் தடித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அலட்சியம் வேண்டாம்.

காட்டுக்குப் பறக்கும் சின்ன விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற பையில். எதைக் குறைத்தாலும் மருந்தைக் குறைக்காதீர்கள். எல்லா நாளுக்கும் போதுமான மருந்தும், கூடுதலாக ஒரு வாரத்துக்கும், மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் முகாமில் இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடுமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். சூரிய மின்சாரத்தில் நடக்கும் முகாம்கள் பல உண்டு. காப்பீட்டில் மருத்துவ விமானச் செலவு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். அங்கே நெஞ்சுவலி வந்தால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து விமானம் வந்துதான் தூக்கிப் போக வேண்டும். 1957இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை அதற்காகவே இருக்கிறது.

லாட்ஜில் குரங்குக்குத் தீனி காட்டாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்தான் இன்னும் முக்கியம். கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் ஃபால்சிபாரம் மலேரியா தலைகாட்டும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள். அதற்குள் சஃபாரி நினைவே மங்கியிருக்கும். குளிர், உடம்பு வலி, தலைவலி. தெருமுனை கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுப்பார்கள். ரத்தம் பார்த்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கும், டெங்கு என்று நினைத்துவிடுவார்கள். மலேரியாவிலும் தட்டணு குறையும். அந்த டாக்டர் மேல் தப்பில்லை, நீங்கள் ஆப்பிரிக்கா போய் வந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஸ்லைடில் சாயம் ஏற்றிப் பார்த்தால் சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல வளையம் தெரியும், ஓரத்தில் ஒரு செம்புள்ளி, கல் பதித்த மோதிரம் மாதிரி. ஆனால் தேடினால்தான் தெரியும்.

திரும்பி ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே மலேரியாப் பரிசோதனை கேளுங்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் கேளுங்கள், எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காப்பாற்றாது. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் மூன்றாவது முறையும். இரவில் காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்காமல், ரத்தப் பரிசோதனை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள்.